கரை மாலுமியின் இரண்டு இறக்கைகள்

கடலில் போகும் மாலுமிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கரை மாலுமியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துவிடலாம். இவரை அடையாளம் காண்பது சுலபம். பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். கையில் கைப்பேசி, அதில் நீலமாக ஒரு கடல், அதன்மேல் எறும்பு அளவில் நாற்பது படகுகள். "இன்னா சார் அது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மாட்டீர்கள்.

ராயபுரம் கல்மண்டபத்தில் இந்த இனத்தின் முழு லட்சணமும் பொருந்திய ஒருவர் இருக்கிறார். பெயர் ஸ்டானிஸ்லாஸ், வயது நாற்பத்தாறு, திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் வாசலில் நின்று பெட்டி எண்களைச் சரிபார்க்கிற வேலை. அப்பா மீன்பிடித்தவர். இவரும் பதினாறு வயதில் ஒரே ஒருநாள் கடலுக்குப் போனார். துறைமுகத்தின் வாயைத் தாண்டுவதற்குள் காலையில் தின்ற இட்லி நாலும் வெளியே வந்துவிட்டன. அத்தோடு கடலுக்கும் அவருக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை முடிந்தது. அதன் பிறகுதான் அவர் கடலைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டார்.

எல்லாம் என்றால் எல்லாமேதான். பிரான்சிலிருந்து தனியாளாகக் கிளம்பி, எங்கும் நிற்காமல், யாரிடமும் உதவி வாங்காமல், உலகத்தையே சுற்றி வருகிற அறுபதடிப் பந்தயப் பாய்மரப் படகுகளின் பிறப்பு வளர்ப்பு அத்தனையும் அவருக்கு மனப்பாடம். டீக்கடையில் கிளாசைக் கீழே வைக்காமலே சொல்வார்: "முந்தி மரம், நைனா. அப்பால அலுமினியம், பைபர். இப்போ கார்பன். முந்தி நூத்தி ஒம்போது நாளு சுத்துனான். இப்போ அறுவத்தி நாலு. ஏன்? ரெண்டு பக்கமும் றெக்க வச்சிட்டான். போட்டு தண்ணிமேல எயும்பி பறக்குது!" டீக்கடைக்காரர் தலையாட்டுவார். பால் பொங்குகிறதா என்று பார்ப்பதற்கும் அதே தலையைத்தான் ஆட்ட வேண்டியிருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். மொட்டை மாடிக் கொடியில் மனைவி ஜூடியின் புடவை பறக்கிற தினுசைப் பார்த்து, "தென்கிழக்குக் காத்து. பன்னெண்டு நாட் வேகம்" என்று அறிவிப்பார்.

"துணி காயுமா காயாதா? அத்த சொல்லு" என்பாள் ஜூடி.

அவர் கைப்பேசியை எடுத்துக் காற்றின் வேகத்தை இன்னொரு முறை சரிபார்ப்பார்.

சிரிக்கலாம். ஆனால் போன டிசம்பரில் நடந்ததற்கு யாரும் சிரிக்க முடியாது. ஜூடியின் தம்பி ஆண்ட்ரூ முப்பதடி பைபர் படகில் மீனுக்குப் போனவன், இன்ஜின் நின்று, காற்றில் அடித்துச் செல்லப்பட்டான். இரண்டு நாள் தகவலே இல்லை. அதே இரண்டு நாளில், பூமியின் தென்கோடியில் எந்தப் பிரெஞ்சுக்காரியின் பாய்மரம் ஒடிந்தது, எத்தனை மணிக்கு ஒடிந்தது என்பது ஸ்டானிஸ்லாசுக்குத் தெரியும்.

"ஒலகத்துல கீற எல்லாப் போட்டும் உன் போன்ல தெரிதே. என் தம்பி போட்டு எங்கய்யா?" என்று கேட்டாள் ஜூடி.

ஸ்டானிஸ்லாஸ் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். மூன்றாம் நாள் காலை நாகப்பட்டினத்து லாஞ்ச் ஒன்று, பெரிய விசைப்படகு, ஆண்ட்ரூவைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

அந்த இரண்டு நாளில் ஜூடி ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். தம்பி உயிரோடு திரும்பினால், ஜூன் மாதக் கோயில் திருவிழாவில், மீனவர்களின் புனிதரான இராயப்பரின் சுரூபச் சிலை அவன் படகில்தான் கடல் சுற்றும். இதில் ஒரு சிக்கல். சுரூபத்தை யார் வேண்டுமானாலும் ஏற்றிவிட முடியாது. அந்தக் கோயில் வழக்கப்படி, திருவிழா அன்று காலையிலிருந்து மத்தியானம்வரை, இன்ஜினைக் கழற்றிவிட்டு வெறும் பாயில் பைபர் படகுகள் பந்தயம் ஓடும். ஜெயித்த படகுக்குத்தான் அந்தப் பாக்கியம். இரண்டு வருடமாக ஜெயித்துவந்தவன் ஆண்ட்ரூ. பேசாமல் விட்டிருந்தால் மூன்றாவது வருடமும் ஜெயித்திருப்பான்.

கரை மாலுமி பேசாமல் விடுவாரா? இது தன் கடமை என்று ஸ்டானிஸ்லாஸ் மனதார நம்பினார். டிசம்பரில் கைகட்டி நின்றவர் ஜூனில் கைகொடுக்க வேண்டாமா? நாலு பக்கத்துக்குப் படம் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டையில் சுஹைப் பட்டறைக்குப் போனார். சுஹைப் பைபரில் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர். கார்பன் இல்லை, தொட்டி செய்ததுபோக மிச்சப் பைபர் இருந்தது. ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நீளமான, வளைந்த இறக்கைகள் இரண்டு தயாராயின.

"இது பறக்குமாண்ணே?" என்றார் சுஹைப்.

"பறக்க வாணாம். கொஞ்சம் தூக்குனா போதும். மீதிய ஆண்ட்ரூ பாத்துப்பான்."

ஆண்ட்ரூவுக்கு மாமாமேல் மரியாதை. "இன்னாவோ ஆசையா கேக்குறாரு" என்று ஒத்துக்கொண்டான். திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, காசிமேட்டில் படகைக் கரையேற்றி, பக்கத்துக்கொன்றாக இறக்கைகளைப் போல்ட் போட்டு, மேலே பைபர் பூசி, ஜென்மத்துக்கும் பிரியாதபடி இறுக்கித் திரும்பத் தண்ணீரில் இறக்கிக் கட்டினார்கள். ஸ்டானிஸ்லாஸ் காற்றைக் கணக்கெடுத்தார். அலையைக் கணக்கெடுத்தார். ஆண்ட்ரூவைக்கூட ரேஷன் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார்.

புதன்கிழமை பாதிப் படகுகள் கடலில் இருக்கும். திருவிழா அன்று ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. அத்தனை படகும் துறைமுகத்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். முதல் படகில் ஏறினால் கால் நனையாமல் கடைசிப் படகுக்கு நடந்தே போய்விடலாம். இது காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆண்ட்ரூவுக்கும் தெரியும்; அவன் மூன்று நாளாகக் கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்டானிஸ்லாசுக்குத் தென்துருவத்துக் கடல்தான் தெரியும். அங்கே நெரிசல் இல்லை.

பந்தய நாள் காலை, பதினொரு படகுகள் லாஞ்சுகளுக்கு நடுவே இருந்த சந்தில் நுழைந்து வெளியேறின. பன்னிரண்டாவது படகு பத்தடி நகர்ந்து, இரண்டு லாஞ்சுகளுக்கு நடுவே கச்சிதமாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வெளியே பந்தயம் தொடங்க விசில் ஊதினார்கள்.

"மாமா," என்றான் ஆண்ட்ரூ. குரலில் கோபமே இல்லை. "இத்த வெட்டணும்."

ஸ்டானிஸ்லாஸ் ஆக்ஸா பிளேடோடு தண்ணீரில் குதித்தார். முப்பது வருடம் கழித்துக் கடல் அவரைத் தொட்டது. டீசலும் மீன் கழிவும் மிதக்கிற கடல். இடது இறக்கையை அறுக்கும்போது ஒருமுறை வாந்தி எடுத்தார், வலது இறக்கைக்கு ஒருமுறை. கை கிழிந்தது. நிறுத்தவில்லை. சுஹைபின் வேலை சுத்தமான வேலை. அறுத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

இறக்கை போன படகு பறந்தது. ஆண்ட்ரூ ஏழு படகுகளைத் தாண்டினான். ஐந்தாவதாக வந்தான்.

சாயங்காலம் இராயப்பர், முதலாவதாக வந்த அலெக்ஸாண்டரின் படகில் கடலுக்குப் போனார். ஜூடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றாள். ஸ்டானிஸ்லாஸ் அவளுக்குப் பத்தடி தள்ளி, ஈரக் கால்சட்டையோடு நின்றார். அந்தப் பத்தடியை நடந்து கடக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

எட்டு நாள் ஜூடி அவரோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவள் முன் விரித்தார். "ஜூடி, தப்பு எங்கன்னு கண்டுபுட்ச்சிட்டேன். கீல் வச்சி மடக்குற மாரி செஞ்சிருக்கணும். பெரிய போட்டுல எல்லாம் உள்ள இயுத்துக்குவான். அடுத்த வருசம்..."

ஜூடி காகிதத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அதை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"செய்யி. ஆனா அடுத்த வருசம் நீயும் அந்தப் போட்டுல ஒக்காந்துகினு போவணும். என் தம்பி பக்கத்துல. சம்மதமா?"

ஸ்டானிஸ்லாஸ் அன்று முழுக்கக் கைப்பேசியைத் திறக்கவில்லை.

போகட்டும், அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படகு லாஞ்சுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட இடத்தைப் படித்தபோது, "அட, மடக்குகிற மாதிரி செய்திருக்கலாமே" என்று ஜூடியின் கணவருக்கு முன்பே உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த ஜூனில் ஆண்ட்ரூவின் படகில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறதாம், வருகிறீர்களா?