தொட்டிக்கு ஐந்து சதுர மீட்டர்

சொத்து வரி நோட்டீஸ் வந்த அன்றே எவாரிஸ்ட் சபதம் செய்தார். இந்தத் தொகை எங்கே பிறந்து எப்படி வளர்கிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு யூரோகூடக் கட்டுவதில்லை.

"போன வருஷத்தைவிட எண்பது யூரோ அதிகம், ஒதில்! வீடு ஒரு செங்கல்கூட வளரலையே!"

"எப்படித்தான் கணக்குப் போடுறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார் மனைவி.

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் இருந்த அந்த வீட்டின் சாப்பாட்டு மேசை நான்கு நாட்கள் காகிதக் காடாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் எவாரிஸ்ட் நிமிர்ந்தார்.

"இந்த வீட்டை வாடகைக்கு விட்டா எவ்வளவு வரும்னு 1970-ல யாரோ குத்துமதிப்பா எழுதியிருக்கான். விலைவாசி ஏற ஏற அதையும் ஏத்துறாங்க. அதுல பாதியை நகரசபை சொல்ற விகிதத்தால பெருக்குறாங்க. இந்த வருஷம் நீச்சல்குளத்துக்குக் கூரை போடணுமாம். விகிதமும் ஏறிடுச்சு!"

"ஆக, ஊர் குளிக்க நாம கட்டுறோம்."

"நாம குளிக்கவும் நாமதான் கட்டுறோம்! வீட்டுல குளியல் தொட்டி இருந்தா வீட்டுப் பரப்புல அஞ்சு சதுர மீட்டர் கூடுதல்னு சேர்த்துக்கிறாங்க. ஷவருக்கு நாலுதான்."

"அடேங்கப்பா! அப்போ ஞாயித்துக்கிழமை நீங்க ஊறுற ஊறலுக்கெல்லாம் வரியா?"

எவாரிஸ்ட் செய்தித்தாளோடு இறங்கினால் இரண்டு மணி நேரம் எழாத இரும்புத் தொட்டி அது. முழங்கால் வலியால் அதன் விளிம்பைத் தாண்ட முடியாத ஒதில், பதினோரு ஆண்டுகளாக ஷவர் கேட்டு வந்தார். எவாரிஸ்ட் அசைந்துகொடுத்ததே இல்லை.

"அதை எடுக்கவேண்டாங்க. உங்க உயிரே அதுலதான் இருக்கு. வரி ஆபீஸே ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

"ஜெயிக்கிறதா? என்கிட்டயா?"

அடுத்த சனிக்கிழமை நான்கு பேர் முக்கி முனகித் தொட்டியைப் படியிறக்கினார்கள். இரண்டு வாரத்தில் அங்கே கண்ணாடிக் கதவோடு ஷவர் நின்றது. ஒரு சதுர மீட்டரைக் கழிக்கும்படி எவாரிஸ்ட் மூன்று பக்கக் கடிதம் எழுதி, உறையை நாக்கால் நனைக்கப் போனார்.

"அனுப்பாதீங்க!" ஈரத் தலையோடு வந்த ஒதில் ஒரு தாளை நீட்டினார். "வரி ஆபீஸ்ல இருக்கிற நம்ம வீட்டோட பதிவு. போன ஏப்ரல்லயே, நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிட்டேன்."

எவாரிஸ்ட் விரல் வைத்துப் படித்தார். அறைகள், நான்கு. கழிப்பறை, முற்றத்தில். குளியல் தொட்டி, இல்லை.

"அப்போ இத்தனை வருஷமா என் தொட்டிக்கு..."

"ஒரு பைசா வரி இல்லீங்க. இந்தக் கடிதம் போனாத்தான் ஷவருக்குப் போடுவாங்க."