குண்டு ஓட்டைகளை அடைத்த மைத்துனனுக்கு

ஆம்பூர்,
வியாழக்கிழமை காலை

அன்பு மைத்துனன் செந்தில்குமாருக்கு,

உன் அக்கா சம்பூர்ணத்தின் கணவனும், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலம் முழுவதும் ஒரு பையனைக்கூடக் கை நீட்டி அடிக்காதவனுமாகிய கோதண்டபாணி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உடல் அளவில் நலம். வாணியம்பாடியில் நீயும் பூங்குழலியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். குறிப்பாக நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்க உனக்குத் தெம்பு தேவைப்படும்.

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவும் முயன்றேன். நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ, "பரவால்ல மாமா, நமக்குள்ள இன்னாத்துக்கு தேங்க்ஸு?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். நான் நன்றி சொல்வதற்காக அழைக்கவில்லை, செந்தில். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் இருப்பவை பிள்ளைகள் உருட்டி விளையாடும் பொம்மைக் கார்கள் அல்ல. சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வந்த வண்டிகளை, அப்படியே, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்துச் செய்தவை. டை-காஸ்ட் என்பார்கள். மேலே 'அப்படியே' என்று எழுதியிருக்கிறேனே, அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள். படத்தில் அந்த வண்டி அடி வாங்கியிருந்தால் இதுவும் அடி வாங்கியிருக்கும். உதாரணத்துக்கு அந்த ஜீப்பை எடுத்துக்கொள். ஆப்பிரிக்கச் சதுப்புக் காட்டுக்குள் காலரா மருந்து கொண்டுபோகும் ஒரு டாக்டரின் ஜீப் அது. படத்தில் கொள்ளைக்காரர்கள் சுட்டதால் இடது பக்கத்தில் ஏழு குண்டு ஓட்டை. முன் கண்ணாடியில் விரிசல். சக்கரத்திலிருந்து கூரை வரை சேறு. அந்தச் சேறு, சேறு அல்ல, செந்தில். எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒருவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புள்ளி புள்ளியாகத் தீட்டிய பெயிண்ட். அதைத்தான் நீ ஷாம்பு போட்டுத் தேய்த்திருக்கிறாய்.

சரஸ்வதி பூஜைக்கு நானும் உன் அக்காவும் சென்னையில் எங்கள் மகள் சௌமியா வீட்டுக்குக் கிளம்பும்போது உன்னிடம் சாவி கொடுத்தது எதற்கு? சாயங்காலம் விளக்கேற்ற. ஆயுத பூஜை அன்று என் ஸ்கூட்டரைக் கழுவிப் பொட்டு வைக்க. அவள் பெற்றோரைப் பார்த்து ஆசையாகச் சமைத்துப் போட்டாள், நாங்களும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால், அலமாரியில் இருந்த வண்டிகள் எல்லாம் கூடத்தின் நடுவே கோலம் போட்டு, அதன்மேல் மூன்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். ஒவ்வொன்றின் கழுத்திலும், கார்களுக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று நீதான் கண்டுபிடித்திருக்கிறாய், நூலில் கோத்த ஒற்றைச் சாமந்தி இதழ். சக்கரங்களுக்கு அடியில் ஊதா நிறத்தில் என்னவோ நசுங்கிக் காய்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு மஹ்பூபியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க?" என்றார் அந்த அம்மாள். "உங்க மச்சான் லீவு போட்டுகினு வந்து வேல பண்ணாரு. பல்லு வெளக்கற பிரஷ்ஷால ஒவ்வொண்ணா தேய்ச்சாரு. நான்கூட சொன்னேன், டப்பாவ பிரிக்காதப்பா, சார் பேஜாராவாருன்னு. பிரிக்காம எப்டிக்கா பொட்டு வெக்கறதுன்றாரு. அதுவும் நாயந்தான?"

"அந்த ஊதா என்னம்மா?"

"எலுமிச்சம்பழம் வெச்சா வண்டி ஏறவே மாட்டேங்குது சார், பழம் பெருசா கீது. அப்பறம் நம்ம செடிலதான் மணத்தக்காளி பறிச்சு குடுத்தேன். ரொம்ப அழகா நசுங்குச்சு."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்கிறேன். சேகரிப்பவர்கள் உலகத்தில் பிரிக்காத டப்பா என்றால் அதற்குத் தனி மரியாதை. பிரித்தவுடன் அது போய்விடும். உதாரணத்துக்கு, கல்யாணப் பத்திரிகையை உறையோடு கொடுப்பதற்கும், யாரோ படித்துவிட்டுக் கசக்கியதைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். நான் ஆண்டுக்கணக்காகப் பிரிக்காமல், ஆசையை அடக்கிக்கொண்டு, வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த டப்பாக்களை நீ ஒரே காலையில் பிரித்து, அட்டையைத் தட்டையாக மடித்து, பழைய பேப்பர்காரனுக்கு என்று கட்டியும் வைத்திருக்கிறாய். கட்டு மிக நேர்த்தியாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்திருப்பேன். ஜீப்பைப் பார்த்தேன். முதலில் அது என் ஜீப் என்றே தெரியவில்லை. சேறு இல்லை. விரிசல் இல்லை. ஏழு ஓட்டையில் ஒன்றுகூட இல்லை. கன்னங்கரேல் என்று பளபளத்தது. குனிந்து பார்த்தால் என் மூக்கு தெரிந்தது. முன்னால் நம் ஊர்ப் பதிவு எண். பின்னால், வெள்ளை எழுத்தில், 'எல்லையம்மன் துணை'. ஆப்பிரிக்கக் காட்டில் காலராவோடு போராடும் டாக்டருக்கு நம் அம்மன் துணை இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தில் இல்லை.

அன்று மாலை நீ வீட்டுக்கு வந்தபோது நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார்.

"யாரோ உங்கள நல்லா ஏமாத்திகிறான் மாமா. டேமேஜ் பீஸ தள்ளி உட்டுட்டான். நம்ம கிட்ட வந்தா உட்டுடுவமா?" என்றாய்.

"அது டேமேஜ் இல்லப்பா. படத்துல அப்படித்தான் இருக்கும்."

"படத்துலயே டேமேஜுன்னா அங்கயே ரிட்டர்ன் பண்ணியிருக்கணும் மாமா. நீங்க டீச்சரு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நைஸா பஃபிங் குடுத்து, ஓட்டைய அடைச்சு, பிரைமர் போட்டு, மூணு கோட்டு ஸ்ப்ரே. இத்தாலிக்காரன் ஷூவுக்கு அடிக்கறோமே, அந்த பிளாக்கு. இப்ப ஃபர்ஸ்ட் கிரேடு."

உன் தொழில் தெரியாதவன் அல்ல நான். தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் பிரிவு என்றால் என்ன வேலை என்று இந்த ஊரில் பிறந்த எவனுக்குத் தெரியாது? மாட்டுத்தோலில் முள் கீறியது, உண்ணி கடித்தது, வேலியில் உரசியது எல்லாம் தெரியும். அதைத் தேய்த்துச் சமமாக்கி, நிறம் தெளித்து, மினுமினுப்பு ஏற்றி, அந்த மாடு தன் வாழ்நாளில் ஒரு முள்ளைக்கூடப் பார்த்ததில்லை என்பது போல அனுப்பி வைப்பதுதான் உன் கெட்டிக்காரத்தனம். அதற்காக உன்னை எத்தனையோ பேரிடம் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் வடுவைக் கண்டால் கை சும்மா இருக்காதா உனக்கு? வேலூர்க் கோட்டைச் சுவரில் பீரங்கிக் குண்டு பட்ட இடம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள். சிமெண்டு பூசி, பெயிண்ட் அடித்து, "ஓட்டைய அடைச்சுட்டேன் சார்" என்று நிற்பாயா? இன்னும் புரியும்படி சொல்கிறேன். நம் ஊர் பிரியாணியை ஒருவன் குழாயடியில் வைத்து மசாலா போக அலசி, வெள்ளை வெளேர் என்று உனக்குப் பரிமாறினால் எப்படி இருக்கும்? "சுத்தமா இருக்கு மாமா" என்பாயா? சொல்லு, என்பாயா?

பால் வண்டியையும் நீ விட்டு வைக்கவில்லை. துப்பறியும் விதவை அம்மாள் ஒருவர் வருகிற வெளிநாட்டுத் தொடரில், அவர் ஓட்டுகிற வண்டி அது. அதன் பின்கதவு எந்த அத்தியாயத்திலும் மூடாது. மூடாமல் ஆடிக்கொண்டிருப்பதால்தான் கொலைகாரர்கள் உள்ளே ஒளியலாம் என்று ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். தொடரே அந்தக் கதவில்தான் தொங்குகிறது. நீ அதைப் பசை போட்டு ஒட்டிவிட்டாய். இனி அந்த ஊரில் ஒரு கொலைகாரனும் பிடிபட மாட்டான்.

உன் அக்காவிடம் முறையிட்டேன். "எம் தம்பி உங்க வண்டிய கழுவித்தான குடுத்தான்? ஊர்ல மச்சான்னு இருக்கறவனுங்க வண்டிய வாங்கிகினு போனா திருப்பியே குடுக்கறதில்ல. எங்கியோ இருந்து வந்து, சொந்த வேலைய உட்டுட்டு..." என்று ஆரம்பித்து, முடிவில் நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிற இடத்தில் கொண்டு வந்து நிறுத்திவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன நாள் என்று உனக்குத் தெரியாது. வேலூரில் லாங் பஜார் பக்கம் ஒரு மாடிக் கூடத்தில், என்னைப் போலச் சினிமா வண்டிகள் சேர்ப்பவர்கள் கூடுகிறார்கள். குர்ஷித் என்பவர் நடத்துகிறார். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் அவருக்கு ஒரு மேசை கொடுத்து, வண்டிகளை வைக்கச் சொல்லி, அவர் பேசுவதைக் கேட்பார்கள். பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். என் ஜீப்பின் புகைப்படத்தை அனுப்பியதும் அவர், "சார், சேறு ஒரிஜினலா? கண்டிப்பா வாங்க" என்று பதில் போட்டார். நான் ஓய்வு பெற்றதிலிருந்து, என் பேச்சைக் கேட்கிறோம் என்று தானாக முன்வந்த முதல் கூட்டம் இது, செந்தில். வீட்டில் நான் "உதாரணத்துக்கு" என்று வாயெடுத்தால் உன் அக்கா பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுகிறாள், அடுப்பில் பால் இல்லாத நேரத்திலும். அந்த ஏழு ஓட்டையும் படத்தில் எந்தெந்த இடத்தில், யார் சுட்டு விழுந்தவை என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசத் தயார் செய்து வைத்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று பேசியும் பார்த்திருந்தேன். இப்போது நான் எதைக் காட்டுவது? எல்லையம்மனையா?

ஆகவே, வேலூருக்கு நான் போகப்போவதில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று குர்ஷித்திடம் சொல்லிவிடுவேன். அது பொய்யும் அல்ல. உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். என் சேற்றைத் திருப்பிக் கொடு. முடியாது என்றால் இந்தத் தீபாவளிக்கு வழக்கம்போல இங்கே வர வேண்டாம். பூங்குழலியும் பிள்ளைகளும் வரட்டும், அவர்கள் ஸ்ப்ரே அடிப்பதில்லை. நீ வாணியம்பாடியிலேயே இருந்து, வடு உள்ள எதையாவது தேடித் தேய்த்துக்கொண்டிரு.

பூங்குழலிக்கு என் ஆசி. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கையில் கிடைத்ததை எல்லாம் கழுவாமல் வளரட்டும். உனக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வேலையும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வேலை நிறைந்திருந்தால்தான் லீவு போட மாட்டாய்.

இப்படிக்கு,
தாங்க முடியாத மனவருத்தத்துடன்
உன் மாமா கோதண்டபாணி

பின்குறிப்பு: ஞாயிறு இரவு எழுதுகிறேன். கோபம் இன்னும் கொஞ்சம் ஊறட்டும், சேர்த்து எழுதலாம் என்று இதை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலையில் உன் அக்கா ஜீப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, "போய்ட்டு வாங்க, வூட்ல உக்காந்துகினு என்ன பேஜார் பண்ணாதீங்க" என்று என்னை பஸ் ஏற்றி விட்டாள். கூடத்தில் மேசைமேல் துண்டைப் பிரித்தேன். தலைகுனிந்து உண்மையைச் சொன்னேன். குர்ஷித் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். சாய்த்துப் பார்த்தார். வாயால் ஊதிப் பார்த்தார். கட்டைவிரலால் நீவினார். அப்புறம், "அரே, இங்க வாங்கப்பா" என்றார். கூடம் மொத்தமும் போய் மொய்த்துக்கொண்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே இருந்த அத்தனை பேரும் தோல்காரர்கள். கெமிஸ்ட், தரம் பிரிப்பவர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர். "மெட்டல் மேல இந்த ஃபினிஷ் எப்டி நிக்குது? உரியலையே!" என்கிறார் ஒருவர். நான் பேச ஆரம்பித்தேன். "இங்கே ஒரு குண்டு" என்று விரலை வைத்தேன். லென்ஸ் வைத்துத் தேடினார்கள். "எங்க சார்? தெரியலையே!" என்றார்கள். அடுத்த ஓட்டையையும் சொன்னேன். தேடினார்கள், தெரியவில்லை, கை தட்டினார்கள். ஏழுக்கும் தட்டினார்கள். கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய பேச்சு சாப்பாட்டு வேளையைத் தாண்டிப் போனது. என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், அடுத்த கூட்டத்துக்கு உன்னையும் கூட்டி வர வேண்டுமாம். படத்தின் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, கையெழுத்து நன்றாக அமைந்துவிட்டது. படித்துவிட்டு மறந்துவிடு. தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிடு. இன்னொன்று. பீரோவுக்குள் நான் ஒளித்து வைத்திருக்கும் மஞ்சள் டாக்ஸி ஒன்று பூஜையில் உன் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. அதன் கதவில் நீளமாக ஒரு கீறல் உண்டு. படத்தில் கதாநாயகி கோபத்தில் சாவியால் இழுத்தது. அசல் கீறல், அந்த வண்டிக்கே அதுதான் பெருமை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து எடுத்துப் பார்த்தேன். கண்ணை உறுத்துகிறது. வரும்போது மஞ்சள் ஸ்ப்ரே கொஞ்சம் கொண்டு வா. அக்காவிடம் சொல்லாதே.