பைக்குள் போன டிஸ்க்

வீட்டுக் கணினியை மனைவியிடமிருந்து மீட்பது என்று உடுப்பிட்டி நதானியேல் முடிவெடுத்தார். சண்டையில்லாமல். சத்தமில்லாமல். விஞ்ஞான முறைப்படி.

ஓய்வுபெற்ற தபால் அதிபரான அவர் கணினி வாங்கியதே முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடத்தான். சீட்டுக்கு நாலு பேர் சேர்க்க இந்தக் காலத்தில் யாரால் முடியும்? கணினியோ மற்ற மூன்று பேராகவும் தானே உட்கார்ந்து, வெற்றிலையும் கேட்காமல் விளையாடியது. ஆனால் மனைவி நிமலினி தேவாலய மாதர் ஐக்கியத்தின் செயலாளர் ஆன நாள்முதல் அவருக்கு மிஞ்சியது, அவள் குளிக்கும் நேரம் மட்டும். அதிலும் அவள் வேகமாகக் குளிப்பவள்.

ஒருநாள் கணினி பழுதாகி, திருத்த அச்சுவேலிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த கோப்பைபோல வெறுமையாகத் திரும்பி வந்தது.

"இந்தாருங்கோ, என்ரை சாமான் முழுக்க இந்தப் பென் டிரைவிலை கிடக்கு. ஏத்திவிடுங்கோ."

"பொறும் நிமலி. முதலிலை ஒரு முழுப் பிரதி எடுக்கவேணும்."

சீட்டாட்டத்தை மட்டும் ஏற்றிவிட்டு, வெளி டிஸ்க் ஒன்றைச் செருகினார்.

"அதென்ன பிரதி?"

"கொம்பியூட்டர் இப்ப எப்பிடி இருக்கோ, அப்பிடியே அச்சொட்டா இதுக்குள்ளை போகும். எப்ப பழுதானாலும் இந்த நாளுக்கே திரும்பி வரலாம்."

"பிறகு ஏத்தினதெல்லாம்?"

"அது... போயிடும்," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"எப்பிடி எடுக்கிறதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

நாற்பது வருட மணவாழ்க்கையில் அவள் அவரிடம் பாடம் கேட்டது அன்றுதான். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எதை அழுத்துவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் சமையல் கொப்பியில், பலாக்காய்க் கறிக்கு அடுத்த பக்கத்தில், எழுதிக்கொண்டாள்.

அதன்பிறகுதான் அவர் ஒரு பிழை செய்தார். டிஸ்க்கை அவளிடமே நீட்டினார்.

அவர்களுடைய அலுமாரியில் ஒரு பை இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பத்திரம் எல்லாம் அதற்குள். போரின் ஐந்து இடப்பெயர்வுகளில் அவர்களோடு ஓடிய பை. ஓட்டம் நின்று எத்தனையோ வருடமாகியும் யாரும் அதை அவிழ்க்கவில்லை. பெறுமதியான எதுவும் அதற்குள்தான் போகவேண்டும். அவருடைய கைக்கு வேறு வழி தெரியாது. அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவளிடம்.

ஒரு மாதம் பொறுத்தார். அவள் கணினியில் அடித்த மாதர் ஐக்கியத்தின் சமையல் புத்தகம் அச்சுக்குப் போனது. இனிப் பாவமில்லை. மிச்சம் பாடகர் குழுவும் தையல் வகுப்பும்தானே.

"நிமலி, கொம்பியூட்டர் பழுதாப் போச்சு!"

"ஐயோ, அப்பிடியோ?" அவள் பதறவேயில்லை. அலுமாரியைத் திறந்தாள். "இந்தாருங்கோ டிஸ்க்."

ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரை விழித்தது. நடுவில் பாடகர் குழு, வெள்ளைச் சேலையில், வாய் திறந்தபடி. பக்கத்தில் தையல் வகுப்பு. நத்தார்ப் பண்டிகைப் பாட்டு ஒத்திகை. எல்லாம் இருந்தன. முன்னூற்றிநாலைத்தான் காணவில்லை.

"என்னப்பா, எல்லாம் வந்திட்டுதோ?"

"...ஓம்."

"ஒண்டும் குறையேல்லையே?"

குறைகிறது என்று சொன்னால் எது, ஏன் என்று சொல்லவேண்டும். "இல்லை," என்றார்.

நிமலினி சிரித்துவிட்டாள். "போன ஞாயிறு நீங்கள் சபைக் கூட்டத்துக்குப் போகேக்கை நானும் ஒரு பிரதி எடுத்தனான், வேறை டிஸ்கிலை. முதலிலை உங்கடை சீட்டை வெளியிலை எடுத்துப்போட்டு. பிறகு திருப்பிப் போட்டும் விட்டனான்."

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"என்ரை பென் டிரைவை ஏத்த முன்னம் பிரதி எடுக்க ஏன் உங்களுக்கு அவ்வளவு அவசரம்? தபால் கந்தோரிலை கடிதம் ஒட்டின உங்களுக்கு முகத்தை ஒட்டத் தெரியாதே, அப்பா."

அவர் தலை குனிந்தது. அவள் குரல் இளகியது.

"கவலைப்படாதேங்கோ. உங்கடை டிஸ்க்கும் பையிலைதான் பத்திரமாக் கிடக்கு. சீட்டைத் திருப்பி ஏத்துங்கோ, பின்னேரத்திலை ஒரு மணித்தியாலம் உங்களுக்கு விடுறன். இப்ப புட்டுக்குத் தேங்காய் திருவவேணும்."

நதானியேல் அலுமாரித் திறப்பு எங்கே என்று கேட்கவில்லை. தேங்காய் திருவும் திருவலை எங்கே என்று கேட்டார்.