சிவப்புப் பொட்டு வைத்த அம்ப்

கண்டியிலிருந்து திகன வரை ஓடும் வாகனங்களில் பாட்டு இனிமையாகக் கேட்டால், அதற்குக் காரணம் பாடியவர் அல்ல, வொட்ஸ் நானாதான். திகனயில் வாகனங்களுக்கு ஸ்பீக்கர் பூட்டுபவர். எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்; சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

பாட்டின் சத்தத்தைக் கூட்டும் அம்ப் ஒன்றை வாங்கி, 'ஆயிரம் வொட்ஸ்' என்று அச்சடித்த அதன் பெட்டியோடு அவரிடம் போனேன். என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம்; மாப்பிள்ளையான அவர் என் வேனில்தான் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார். பாட்டு தோட்டம் முழுக்கக் கேட்கும் என்று மாமனாரிடம் வாய்விட்டிருந்தேன். என் மானமே அந்த அம்ப்பை நம்பித்தான் இருந்தது.

நானா பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கதவிலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றிப் பின்பக்கத்தைப் படித்தார்.

"பெட்டில எழுதீக்கியது தேர்தல் பேச்சு, தம்பி. இந்த ஸ்பீக்கர் நின்டு தாங்கிறது அறுவது வொட்ஸ். எழுவத்தஞ்சு குடுக்கிற அம்ப் போதும்."

சின்ன அம்ப் ஒன்றைப் பூட்டிவிட்டு, கண்ணாடிகளை மூடி, இரண்டாம் கியரில் மலையேறச் சொன்னார். செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டார். பாட்டையல்ல, வானொலிச் செய்தியை! வாசிப்பவரின் குரல் தெளிந்ததும் அம்ப்பில் சத்தத்துக்கு எல்லை வைக்கும் திருகை நிறுத்தி, அது அசையாதபடி அதன்மேல் சிவப்பு நெயில் பொலிஷில் ஒரு பொட்டு வைத்தார். அழகுசாதனக் கடைக்கு வாடிக்கையாகப் போகும் தாடிக்காரர் ஊரில் அவர் ஒருவர்தான்.

"இதத் தொடப்படாது."

கல்யாணத்தன்று பாதி வழியில் மாமனார் என்னைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னங்க மாப்ள, இவ்ளோதானா சத்தம்?"

ரோஷம் வந்துவிட்டது. பொட்டைச் சுரண்டித் திருகை முழுக்கத் திருப்பினேன். மூன்றாவது பாட்டில், பாடுபவரின் குரலைத் தெளிவாகத் தரும் சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் கருகிப்போயின. வேனுக்குள் யாரோ அலுமாரி நகர்த்துவதுபோல 'டொம் டொம்' என்ற சத்தத்தோடு மாப்பிள்ளை போய் இறங்கினார்.

மறுவாரம் நானாவிடம் போய், மாமனார் சொன்னதையும் நான் செய்ததையும் சொல்லித் தலைகுனிந்து நின்றேன். நானா கருகிய ஸ்பீக்கரை முகர்ந்து பார்த்தார்.

"கலியாணம் நல்லா முடிஞ்சா?"

"முடிஞ்சிருச்சு, நானா."

"அப்ப சரி."

வேறு ஸ்பீக்கர் பூட்டி, இம்முறை இரண்டு பொட்டு வைத்தார். "ஒண்டு ஒங்களுக்கு, ஒண்டு ஒங்கட மாமனாருக்கு."

இப்போது நானா கட்டாரில் மகளோடு இருக்கிறார். அழைத்தால் என் சுகத்தை விசாரிப்பதில்லை. "பொட்டு ஈக்கா, தம்பி?" என்றுதான் கேட்பார்.

வேன் இரண்டு மாறிவிட்டது, அம்ப் மாறவில்லை. சத்தம் போதாது என்று மாமனார் இன்னமும் முணுமுணுக்கிறார். ஆனாலும் நான் திருகைத் தொடுவதில்லை. பொட்டைச் சுரண்டிவிட்டு, "இருக்கு, நானா" என்று அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வராது.