நாற்பது விநாடிக்கு மேல் சாக முடியவில்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும், போன வாரம் மாற்றிய குளியலறைக் குழாயும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் அதேபோல் ஒழுக்கு எதுவுமின்றி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டால் நீங்கள் மரியாதைக்காக ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், என் மகள் கேட்டுவிடுவாள். "அப்பா, அவருக்கு இதுதான் முதல் பெரிய வேலை. நொட்டை சொல்லாதீங்க" என்று ஏற்கெனவே எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கிறாள். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் எனக்கும் கிடையாது. ஆகவே கீழே வருவது எதுவும் குறை அல்ல, தகவல்.

எங்கள் கலை மன்றத்தைச் சுற்றி நீங்கள் அமைத்துக் கொடுத்த விளக்குகள் ஒரு மாதமாக எரிகின்றன. முன்பு கம்பத்து விளக்கு கண்ணைக் குத்தும். இப்போது முழங்கால் உயரத்தில் குட்டைக் குட்டைத் தூண்கள், வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கிறது. அருமை. என்ன, யார் முகமும் தெரிவதில்லை. எல்லோரும் செருப்பைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். போன மாதம் உங்கள் அத்தை ஒரு பழுப்புச் செருப்பை என்னுடையது என்று நினைத்து, நான் துணி காயப்போடும் லட்சணத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். அது பல் டாக்டர். அவர்தான் மன்றத்து நாடகங்களை இயக்குகிறவர். மறுநாள் என் தோளைத் தட்டி, "உங்களுக்கு ஒரு வேஷம் தரணும்னு தோணுது" என்றார். இரக்கத்தில் கொடுத்தாரோ என்னவோ, முப்பத்தாறு வருடம் எடைமேடையில் லாரிகளை எடை போட்ட எனக்கு அறுபத்தோராவது வயதில் கதாநாயகன் வேடம் கிடைத்துவிட்டது. உங்கள் விளக்குகளை முறைப்படி திறந்து வைக்கும் விழாவில், வருகிற சனிக்கிழமை, மன்றத்து முற்றத்தில், உங்கள் விளக்கின் வெளிச்சத்திலேயே நாடகம். பல வருடம் கழித்து வீடு திரும்பும் ஒரு கப்பல்காரர் வாசலிலேயே விழுந்து சாகிறார். அந்தக் கப்பல்காரர் நான்.

இங்கேதான் தகவல் வருகிறது. ஆள் அசைந்தால் விளக்கு எரியும், நாற்பது விநாடி யாரும் அசையாவிட்டால் தானே அணைந்துவிடும், மின்சாரம் மிச்சம், நட்சத்திரமும் தெரியும் என்று நீங்கள் விளக்கியபோது முதலில் கைதட்டியவன் நான். அப்போது எனக்கு மன்றத்து வாசலில் தினமும் இரண்டு பேர் சதுரங்கம் ஆடும் பெஞ்சு ஞாபகம் வரவில்லை. அந்த இரண்டு பேரும் ஒரு காயை நகர்த்த ஒன்பது நிமிடம் யோசிப்பவர்கள். இருட்டிவிடுகிறதே என்று ஆளுக்கொரு முறை கையைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தார்கள். தெருவில் போகிறவர்கள் தங்களைத்தான் என்று பதிலுக்கு ஆட்டினார்கள். எதிரே பஸ் ஓட்டுநர் கையைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, ஏறப்போகிறீர்களா இல்லையா என்று தினமும் சண்டை பிடிக்கிறார். அது அவர்கள் பாடு. என் பாடு என்னவென்றால், நான் செத்ததும் குடும்பமே இரண்டு நிமிடம் கல்லாகச் சமைந்து நிற்க வேண்டும். அதுதான் நாடகத்தின் உயிர் என்கிறார் டாக்டர். நானும் பிரமாதமாகச் சாகிறேன். லாரியை அசையாமல் நிறுத்தச் சொல்லியே காலம் தள்ளியவனுக்கு அசையாமல் கிடப்பது ஒரு பெரிய காரியமா? மேலும், நிற்பவர்கள் எல்லோரும் முழங்கால் வரைதான் தெரிகிறார்கள், தரையில் கிடக்கிற நான் ஒருவன்தான் முகத்தோடு முழுதாகத் தெரிகிறேன். இதற்காக உங்களுக்கு ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் நாற்பதாவது விநாடியில் குப்பென்று இருட்டு.

யாராவது அசைந்தாக வேண்டும். மூத்த மகனாக நடிப்பவர் முடியாது, அவர் துக்கத்தில் உறைந்திருக்கிறார். மனைவியாக நடிக்கும் நூலகத்து அம்மா ஏற்கெனவே மயக்கம். நான் கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தேன், விளக்கு மதிக்கவில்லை. கையைத் தூக்கினேன், எரிந்தது. ஒத்திகை பார்க்க வந்திருந்த உங்கள் அத்தை, "செத்தவர் டாட்டா காட்டுறார்" என்று சொல்லிவிட்டாள், அன்று ஒத்திகை அதோடு சரி. பிறகு வாட்ச்மேனைச் சைக்கிள் தள்ளிக்கொண்டு பின்னால் குறுக்கே போகச் சொன்னோம். முதல் நாள் ஒழுங்காகப் போனார். இரண்டாம் நாள் நின்று தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் என்னைக் குனிந்து பார்த்து, "என்னாச்சு, தூங்குறாரா?" என்றார். வசனம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "சும்மா போனா பாத்திரம் எடுபடல சார்" என்கிறார்.

மாப்பிள்ளை, மனசு விட்டுச் சொல்கிறேன். உங்கள் அத்தை என்னை ஒரு மரக்கட்டை என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். "உங்களுக்குச் சிரிக்கவும் தெரியாது, அழவும் தெரியாது. எடைக்கல்லு" என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னாள், இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. அவள் முன்னால் ஒரே ஒரு முறை, அவள் மனம் கலங்கும்படி நான் சாக வேண்டும். அதற்கு எனக்கு இரண்டு நிமிடம் முழு வெளிச்சம் வேண்டும். விளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு திருகைத் திருப்பினால் நாற்பது விநாடி நூற்றைம்பது ஆகிவிடும் என்று வாட்ச்மேன் சொல்கிறார். உங்கள் வேலையில் உங்கள் உத்தரவில்லாமல் கை வைக்க மாட்டேன். இந்தக் கடிதம் கண்டதும், என் மகளுக்குத் தெரியாமல், 'திருப்பலாம்' என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கு ஆசி சொல்வதா வணக்கம் சொல்வதா என்று கல்யாணமாகி எட்டு வருடமாகியும் எனக்குத் தெளிவில்லை. இரண்டையும் எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தற்போதைக்கு உயிருடன்,
மாமா

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. தபாலில் போடச் சொல்லிச் செவ்வாயன்று கொடுத்த இந்தக் கடிதம் இன்று காலை வரை உங்கள் அத்தையின் கைப்பையிலேயே இருந்திருக்கிறது. "மாப்பிள்ளைக்குப் போய் இப்படி எழுதுவீங்களா" என்கிறாள். பிரித்துப் படித்திருக்கிறாள் என்பது அதிலிருந்து தெரிகிறது. நல்லதாகப் போயிற்று. மேலே உள்ள எதையும் செய்ய வேண்டாம். நேற்று நாடகம் நடந்தது. நான் செத்தேன். சைக்கிளோடு வர வேண்டிய வாட்ச்மேன் வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நாற்பது விநாடி, இருட்டு. எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆனால் இருநூறு நாற்காலியில் ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. ஒருவரும் அசையாததால் இருட்டு, இருட்டானதால் இன்னும் ஒருவரும் அசையவில்லை. அப்படி எவ்வளவு நேரமோ. பிறகு உங்கள் விளக்குகள் மெல்ல எரிந்தன. பிணம் செய்யக் கூடாததுதான், ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். முதல் வரிசையில் ஒரு கை மட்டும் உயர்ந்திருந்தது. உங்கள் அத்தை அந்தக் கையால் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மன்றத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாப்பிள்ளை நாடகத்தைப் படிச்சிட்டுத்தான் விளக்குப் போட்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும்.

வீட்டுக்கு வந்து, அழுதாயா என்று கேட்டேன். கொசு என்றாள். "ரெண்டு கண்ணுலயுமா?" என்றேன். "ரெண்டு கொசு" என்றாள். திருகை யாரும் தொட வேண்டாம்.