இருநூறு குதிரைகளை நிறுத்திய குழு

இந்தக் காலத்து மனிதர்களைப் போல முன்னேறியவர்கள் உலக சரித்திரத்திலேயே கிடையாது. முதலில் வேகத்தை வாங்குகிறார்கள். பிறகு அந்த வேகத்தைக் குறைக்கும் சாமான்களைத் தனியாக வாங்குகிறார்கள். எங்கள் காலத்தில் வேகமும் இல்லை, அதைக் குறைக்கும் அறிவும் இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன். மர அறுவை மில்லில் நாற்பது வருஷம் பலகை புரட்டியவன். யாரையும் லேசில் நம்ப மாட்டேன். ஆனாலும் இவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

என் மருமகன் கர்டிஸ் போன வசந்தத்தில் ஒரு 'குடும்பப் படகு' வாங்கினான். மெத்தை வைத்த இருக்கைகள், காபிக் கோப்பை வைக்க எட்டுக் குழிகள், பின்னால் இருநூறு குதிரைச் சக்தி எஞ்சின். கெல்ப் முனைப் படகுத் துறையை விட்டுக் கிளம்பினால் குடும்பத்தின் தொப்பிகள் எல்லாம் கடலில். எல்லாம் சரி, சால்மன் மீனுக்கு இந்தப் பெருமை தெரியாது. குஞ்சு மீன்போல மின்னும் தகடு கட்டிய தூண்டிலைப் பின்னால் விட்டு, மணிக்கு இரண்டு கடல்மைல் வேகத்தில், மூட்டுவலிக்காரன் நடப்பதுபோல இழுத்துக்கொண்டு போனால்தான் அது கடிக்கும். இருநூறு குதிரைகளோ, எவ்வளவு தணித்தாலும் ஐந்துக்குக் கீழே இறங்க மாட்டோம் என்றன. ஜூலை போயிற்று, ஆகஸ்டும் போயிற்று. ஒரு மீன் இல்லை.

என் மகள் லோர்னா ஒரு தாளில் 'படகு விற்பனைக்கு' என்று எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு மீன். இல்லேன்னா திங்கக்கிழமை இதைக் கடை விளம்பரப் பலகையில ஒட்டிடுவேன்," என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. முதல் புருஷனையும் ஒரு திங்கட்கிழமைதான் அனுப்பி வைத்தாள்.

கர்டிஸ் பதறிப்போய்ப் படகு உரிமையாளர் சங்கத்துக்கு மனுப் போட்டான். இரண்டே நாளில் 'வேகக் குறைப்பு ஆலோசனைக் குழு' அமைந்தது. தலைவர் வென்டல் ஹாக், ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர். ஒரு பெட்டி டோனட் முன்னிலையில் கூட்டம் முறைப்படி தொடங்கியது.

"ரெண்டு பக்கமும் கயித்துல வாளியக் கட்டித் தண்ணியில விடு. படகு திணறிடும்," என்றார் ஒருவர்.

"வாளி பாக்க அசிங்கம்பா. துணிப் பை விக்குது, பாராசூட் மாதிரி. அதைக் கட்டு," என்றார் அடுத்தவர்.

"எஞ்சின் விசிறிக்குப் பின்னால ஒரு தகடு மாட்டு. இறக்கினா வேகம் செத்துரும். திரும்பும்போது மட்டும் மறக்காமத் தூக்கிடணும்," என்றார் மூன்றாமவர்.

"எதுக்குத் தொல்லை? பக்கத்துல இன்னொரு சின்ன எஞ்சின் மாட்டிக்க," என்றார் நான்காமவர்.

அவரவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்ததையே அவரவர் சிபாரிசு செய்தார்கள். இதைத்தான் நிபுணத்துவம் என்கிறார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"நீங்க நாலு பேரும் இந்த வருஷம் எத்தனை மீன் புடிச்சீங்க?"

"அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லீங்க, பெரியவரே," என்றார் தலைவர்.

யார் மனமும் புண்படாதபடி எல்லாவற்றையும் ஒரே படகில் மாட்டுவது என்று தீர்மானமாயிற்று. சின்ன எஞ்சின் மட்டும் கடையில் இருப்பு இல்லை.

ஞாயிறு காலை நானும் லோர்னாவும் கர்டிஸும் கடலில் இருந்தோம். தகடு இறங்கியது, பை விரிந்தது, வாளிகள் முழுகின. வேகம் காட்டும் செயற்கைக்கோள் கருவியின் திரையையே கர்டிஸ் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு, மூன்று என்றது. அவன் தணித்துக்கொண்டே போனான். கடைசியில் கியரை நியூட்ரலுக்கே தள்ளிவிட்டான்.

"பாத்தீங்களா மாமா? ரெண்டு. அச்சு அசல் ரெண்டு."

நான் தூண்டில் கயிற்றைப் பார்த்தேன். பின்பக்கமாகச் சாய்ந்து போக வேண்டிய கயிறு, கிணற்றுக் கயிறுபோல நேர்கீழே தொங்கியது. ஓதம் இறங்கி, கடல்நீர் வெளியே வடிந்துகொண்டிருந்த நேரம் அது. பக்கத்தில் மில்லிலிருந்து தப்பிய ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. ஒரு மணி நேரமாகியும் அது எங்களை விட்டுப் பிரியவில்லை.

"மாப்ளே, அந்தக் கட்டையும் ரெண்டுலதான் போகுது. அதுக்கு எஞ்சின் கிடையாது."

"செயற்கைக்கோள் பொய் சொல்லாது மாமா."

"பொய் சொல்லல. கடல் போற வேகத்தைச் சொல்லுது. தண்ணியோட தண்ணியா நாம சும்மா கிடக்கோம். தூண்டில் தகடு அசைஞ்சு மின்னுனாத்தானே மீன் வரும்?"

"குழு ரெண்டுன்னு சொல்லிருக்கு. ரெண்டு வந்துருச்சு. இனி மீன்தான் ஒத்துழைக்கணும்."

மத்தியானம் வரை மீன் ஒத்துழைக்கவில்லை. லோர்னா எழுந்தாள்.

"நகருங்க கர்டிஸ். வீட்டுக்குப் போறோம்."

கியரைப் போட்டு முழுவேகத்துக்குத் தள்ளினாள். தகட்டை யாரும் தூக்கவில்லை, வாளியை யாரும் இழுக்கவில்லை. படகு செருமியது. வாளிகள் பிடியோடு பிய்ந்தன, துணிப் பை இரண்டாகக் கிழிந்தது, தகடு 'டமார்' என்று முறிந்து கடலுக்குள் போயிற்று. படகு முன்னால் பாய்ந்தது. காலையிலிருந்து தூங்கிய தூண்டில் தகடு விழித்துக்கொண்டு மின்னியிருக்க வேண்டும். தூண்டில் கழி ஒன்று வில்லாக வளைந்தது.

"நிறுத்து லோர்னா, மீனு," என்று கர்டிஸ் அழாத குறையாகச் சொன்னான்.

பதினெட்டு பவுண்டு சால்மன். கர்டிஸ் அதற்கு முத்தம் கொடுத்தான். லோர்னா சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தப்பிச்சு ஓடத்தானேப்பா முடுக்கினேன். இந்தப் படகை நானே காப்பாத்திட்டேனா?"

நான் குனிந்து மீனின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றினேன்.

சாயங்காலம் குழு அவசரமாகக் கூடியது. அறிக்கை தயாராக இருந்தது. தகட்டுக்கு ஒரு பத்தி, பைக்கு ஒரு பத்தி, வாளிக்கு இரண்டு. மீன் கடித்தபோது படகின் வேகம்: இரண்டு. நேரில் பார்த்த சாட்சி என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"அது ஓடிப்போற வேகம்யா. அப்படியே எழுதுங்க," என்றேன்.

"அப்படி ஒரு வேகம் எங்க அட்டவணையில இல்லீங்களே," என்றார் தலைவர்.

"தகடு உடைஞ்ச பிறகுதான் மீன் வந்துச்சு."

"தகடு இருந்ததாலதானே உடைஞ்சுது? உடைஞ்சதாலதானே படகு பாஞ்சுது? அப்ப மீனைப் புடிச்சது எது?"

கூட்டம் கைதட்டியது. அடுத்த வருஷத்துக்கு இன்னும் கனமான தகடு என்று தீர்மானம் போட்டார்கள். கர்டிஸ் முதலில் கை தூக்கினான். அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லோர்னாவின் பெயர் எங்கும் இல்லை.

கதவோரம், கிளம்புவதற்குக் கோட்டை மாட்டியபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவள் கையில் டோனட் தட்டைக் கொடுத்து, "அப்படியே எல்லாருக்கும் குடுத்துரும்மா," என்றார்கள். கொடுக்கத் தொடங்கினாள்.

வேகத்தைக் குறைப்பதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. படகிடம்தான் தோற்றுவிட்டார்கள், என் மகளிடம் இல்லை. நான் கையெழுத்துப் போடாமல் பேனாவைத் தலைவரிடமே கொடுத்துவிட்டு வெளியே நடந்தேன்.