கையசைத்தால் வெளிச்சம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், எங்கள் அலுவலகத்தில் விளக்கு சுவிட்சுகளைப் பிடுங்கி எறிந்ததுதான். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. என் பதவி அப்படி.

நாங்கள் அகராதி போடும் பதிப்பகத்தில் மெய்ப்பு பார்ப்பவர்கள். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பிழை தேடுவதே எங்கள் தொழில். புது மேலாளர் 'ஊழியர் நலவாழ்வு வடிவமைப்பு' என்று சொல்லி ஜன்னல்களை அடைத்தார். கூரையில் 'அறிவுள்ள விளக்கு'களைப் பொருத்தினார். அசைவு தெரிந்தால் எரியும். தெரியாவிட்டால், இங்கே ஆளே இல்லை என்று முடிவுகட்டி அணைந்துவிடும். கண்ணும் பேனாவும் மட்டும் அசைவது அதன் அறிவுக்கு எட்டவில்லை.

அசைவைக் கண்டறியும் கருவிக்கு நேர்கீழே உட்கார்ந்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த மெய்ப்பாளர். இருட்டும் போதெல்லாம் அவர்தான் கையைத் தூக்கி ஆட்டுவார். தோள் பிடித்துக்கொண்டது. மேலாளரிடம் போனார்.

"ஒரு சுவிட்ச் வச்சுக் குடுங்க சார். தலை சீவக்கூட கை எழும்பல."

"சுவிட்ச் வச்சா சுவரோட அமைதி கெட்டுரும்மா. கை ஆட்டுறது உடம்புக்கு நல்லதுதானே?"

"ஆட்டி ஆட்டித்தான் சார் இந்தக் கதி."

"அப்போ இன்னும் பழகல."

இருந்தாலும் அவருக்கு இளகிய மனசு. 'கையசைப்பு ஒருங்கிணைப்பாளர்' என்றொரு பதவியை உருவாக்கி என்னை நியமித்தார். என் நாற்காலி அக்காவின் பக்கத்துக்கு வந்தது.

"தம்பி, பதவி வந்துருச்சுன்னு தலைகால் புரியாம ஆடாத. கையை மட்டும் ஆட்டு, போதும்" என்றார் அக்கா. ஆனால் நான் வேலையில் மூழ்கிவிட்டால் பழையபடி அவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கவேண்டியிருந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

நலவாழ்வைப் பார்வையிட இயக்குநர் வந்தார். அவர் பேசும்போது யாரும் அசையக்கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. எல்லோரும் கைகட்டி நின்றோம்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று இயக்குநர் கேட்டார். விளக்கு அணைந்தது.

"என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். இங்க ஆளே இல்லைன்னு விளக்கு நெனச்சுக்கிச்சு" என்றது அக்காவின் குரல்.

"ஒருங்கிணைப்பாளர், கையைத் தூக்குய்யா" என்று மேலாளர் பல்லுக்குள் சொன்னார்.

"அசையக்கூடாதுன்னு உத்தரவு சார்."

மேலாளரே தட்டுத்தடுமாறி வந்து, மேசையில் முட்டியை இடித்துக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டினார். வெளிச்சம் வந்தது. "ஒரு சுவிட்ச் வச்சுத் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் கிளம்பினார்.

மறுநாள் காலையிலேயே எலக்ட்ரீஷியன் வந்தார். அக்கா தோளைப் பிடித்தபடி ஆசையாக எழுந்து வழிவிட்டார். வந்தவரோ எங்களைத் தாண்டிப் போய் மேலாளர் அறைச் சுவரில் துளை போட்டார்.

"எங்களுக்கு, சார்?" என்று அக்கா கேட்டார்.

மேலாளர் வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டார். "வலின்னா என்னன்னு எனக்கு இப்பத்தான்மா தெரியுது."

அறிவுள்ள விளக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? இங்கே எங்களை ஆளாக நினைக்க ஒருவரும் இல்லை என்பது, வந்த முதல் நாளே அதற்குத் தெரிந்துவிட்டது.